மீண்டு வந்தோர்க்கு ஒரு வீதி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் இலக்கியத்தைப் பற்றிப் பேசுவதே வழக்கம். நான் இன்று ஓர் ஊர்வலத்தைப் பற்றிப் பேச விழைகின்றேன். அதுவும் நம் நாட்டு ஊர்வலம் அன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடுவே, கேன்சஸ் மாநிலத்தில் உள்ள எம்போரியா என்னும் சிற்றூரில், ஆண்டுதோறும் நவம்பர்த் திங்களில், முன்னாள் படைவீரரைப் போற்ற நிகழும் ஊர்வலம் அது. பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்து, இக்குடியிருப்பில் கூடி வாழும் நமக்கு அவ்வூர் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. அதைச் சொல்லவே வந்தேன்.

முதலில் நம் வீட்டுச் செல்வத்தை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு வழிபட்ட இனம் நம் இனம். கல்லைத் தேர்ந்து காண்பது முதல் வாழ்த்துவது வரை அந்த நடுகல் வழிபாட்டின் படிகளைத் தொல்காப்பியம் முறைப்படுத்திக் கூறுகின்றது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டெடுத்த பழந்தமிழ் எழுத்துப் பொறித்த நடுகற்கள், அவ்வழக்கம் எத்துணைத் தொன்மையானது என்பதற்குச் சான்று பகர்கின்றன. வீழ்ந்தவனை மறவாத மரபு நம்முடையது என்று நாம் பெருமை கொள்ளலாம்.

ஆனால் ஒரு கேள்வி எழுகின்றது. வீழ்ந்தவனுக்குக் கல் உண்டு. வீழாமல் மீண்டு வந்தவனுக்கு என்ன உண்டு? பழைய புறத்திணையில் மீண்டு வந்த மறவர் கூடி உண்டு மகிழும் 'உண்டாட்டு' என்னும் துறை இருக்கின்றது. ஆயின் விருந்து ஒரு நாளில் முடிந்துவிடும். அதன்பின் முப்பது, நாற்பது ஆண்டுகள் அவன் நம்மிடையே வாழ்கின்றான். கடைக்குப் போகின்றான், வரிசையில் நிற்கின்றான், முதுமை எய்துகின்றான். இறந்தவர் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. ஆதலின் அவரைப் போற்றுவது எளிது. உயிரோடு நம் எதிரே நடந்து வருகின்றவரைப் போற்றுவதே அரிது. இவ்வரிய செயலைத் தன் கடமையாக மேற்கொண்ட ஊரே எம்போரியா.

எம்போரியா 1857ஆம் ஆண்டில் தோன்றிய ஊர். பெரும் புல்வெளிகளுக்கு நடுவே, மாடு வளர்ப்போரும் உழுவோரும் இருப்புப்பாதைத் தொழிலாளரும் கூடி வளர்த்த ஊர். இன்றும் அங்கு ஏறக்குறைய 24,000 மக்களே வாழ்கின்றனர். அவ்வூரில் ஆல்வின் கிங் என்று ஒருவர் இருந்தார். அவர் செல்வரும் அல்லர், படைத்தலைவரும் அல்லர். காலணி செப்பனிடும் கடை வைத்துப் பிழைத்தவர். அவரும் அவர் மனைவியாரும் ஜான் கூப்பர் என்னும் உறவினர் பிள்ளையைத் தம் பிள்ளையாகவே வளர்த்தனர். அப்பிள்ளை இரண்டாம் உலகப் போருக்குச் சென்றான். 1944ஆம் ஆண்டு ஐரோப்பியப் போர்முனையில் உயிர் நீத்தான்.

அக்காலத்தில் அமெரிக்காவில் நவம்பர் 11ஆம் நாள் 'போர் ஓய்வு நாள்' என்று வழங்கியது. 1918ஆம் ஆண்டு அந்நாளில், காலை 11 மணிக்கு, முதல் உலகப் போரின் மேற்கு முனையில் பீரங்கிகள் ஓய்ந்தன. மறு ஆண்டே குடியரசுத் தலைவர் வில்சன் அந்நாளை நினைவுகூருமாறு மக்களை வேண்டினார். 1938ஆம் ஆண்டு அது சட்டப்படி விடுமுறை நாளாயிற்று; உலக அமைதிக்கென்றே அந்நாள் உரியதாக்கப்பட்டது. ஆனால் அது முதல் உலகப் போரில் பணியாற்றியவர்க்கே உரிய நாளாக விளங்கியது. இரண்டாம் உலகப் போரினின்று மீண்ட இலட்சக்கணக்கானோர்க்கு அதில் இடமில்லை. 1953ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கொரியப் போர் ஓய்ந்தபின் வீடு திரும்பிக்கொண்டிருந்த இளைஞர்க்கும் இடமில்லை.

இதைக் கண்டு கிங் வருந்தினார். எல்லாப் போரிலும் பணியாற்றிய எல்லாரையும் அந்நாளில் போற்றல் வேண்டும் என்று ஊராரிடம் சொன்னார். அன்பர்களே, இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். அவர் வளர்த்த பிள்ளை திரும்பி வரவில்லை. இறந்தோர்க்கு இன்னும் ஒரு நாள் வேண்டும் என்று அவர் கேட்டிருந்தால் அது இயல்பே. ஆனால் இறந்தோர்க்கு அந்நாட்டில் மேத் திங்களில் ஏற்கெனவே ஒரு நினைவு நாள் உண்டு. இவர் கேட்டதோ, மற்றவர் வீட்டுப் பிள்ளைகளாய்த் திரும்பி வந்தவர்க்கும் சேர்த்து ஒரு நாள். தம் பிள்ளை வாராத வீதியில் பிறர் பிள்ளைகள் நடந்து வருவதைக் கண்டு கைதட்ட வேண்டும் என்று கேட்டார். பொறாமைக்கு இடமிருந்த உள்ளத்தில் பெருந்தன்மை குடிகொண்டது. இதனினும் உயர்ந்த பண்பு வேறு யாது?

ஊரார் அவர் சொல்லுக்குச் செவிசாய்த்தனர். 1953ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாளை 'எல்லாப் படைவீரர் நாள்' என்று எம்போரியா கொண்டாடியது. அன்று அவ்வூர் வணிகருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கடையை அடைக்க இசைந்தனர், பள்ளிகளும் மூடப்பட்டன. சிறு வணிகருக்கு ஒரு நாள் வருவாய் என்பது சிறிய பொருள் அன்று. வாயால் வாழ்த்துவது எளிது. கடைக்கதவை இழுத்து மூடுவது அரிது. அன்று எம்போரியா செலுத்திய மரியாதையில் அவ்வூராரின் ஒரு நாள் கூலியும் கலந்திருந்தது.

எட் ரீஸ் என்பவர் எம்போரியாவைச் சேர்ந்தவர். அமெரிக்க நாடாளுமன்றத்தில் உறுப்பினர். அவர் தம் ஊரார் செய்ததை நாடு முழுதும் செய்யுமாறு மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். 1954ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஐசனோவர் அதில் கையொப்பமிட்டார். பழைய சட்டத்தில் 'போர் ஓய்வு' என்ற சொல் இருந்த இடத்தில் 'முன்னாள் படைவீரர்' என்ற சொல்லை வைத்ததே அச்சட்டம் செய்த வேலை. வாஷிங்டனுக்குச் சென்று அந்நிகழ்ச்சியைக் காணக் கிங்குக்கு நல்ல உடை இல்லாமையால், அவ்வூர் முன்னாள் வீரர்களும் பிறரும் சேர்ந்து உடை வாங்கித் தந்து வழிச்செலவும் கொடுத்தனுப்பினர் என்று சொல்வர். அரசு ஆணையிட்டு ஊர் கொண்டாடிய விழா அன்று இது; ஊர் கொண்டாடியதைக் கண்டு அரசு ஆணையிட்ட விழா.

ஒன்றை மறைத்தல் கூடாது. இத்தகைய எண்ணம் எம்போரியாவில் மட்டும் பிறந்ததன்று. அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகரில் ரேமண்ட் வீக்ஸ் என்னும் முன்னாள் கடற்படை வீரர் 1947ஆம் ஆண்டிலேயே இத்தகைய விழாவை நடத்தினார். அவர்க்கு 1982ஆம் ஆண்டு நாட்டின் உயர்ந்த விருதொன்று கிடைத்தது. எம்போரியாவை இந்நாளின் தாயூர் என்று அமெரிக்க நாடாளுமன்றம் 2003ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டது. நல்லெண்ணம் இரண்டு இடங்களில் முளைப்பது வியப்பன்று. இரண்டு இடத்தாரும் அதற்கு நீர் ஊற்றியதே வியப்பு.

இனி, அத்தகைய சிற்றூர் ஊர்வலம் எவ்வாறு இருக்கும் என்று கேட்பீர்கள். தலைநகரத்து அணிவகுப்பைக் கண்ட நம் கண்ணுக்கு அது மிக எளியதாகவே தோன்றும். முன்னே நாட்டுக்கொடி வரும். அது கடந்து செல்லும்போது தெருவோரத்து ஆடவர் தொப்பியைக் கழற்றிவிட்டு நெஞ்சின்மேல் கை வைப்பர். பின்னே உயர்நிலைப் பள்ளி மாணவரின் இசைக்குழு வரும். சாரணச் சிறுவர் வருவர். நடக்க இயன்ற முன்னாள் வீரர் நடந்து வருவர்; இயலாதோர் திறந்த வண்டிகளில் அமர்ந்து வருவர். சிலர் பழைய சீருடையை அணிந்திருப்பர். சிலர்க்கு அது பொருந்தாமற் போயிருக்கும். அவர் தொப்பியை மட்டும் அணிந்திருப்பர்.

பெருநகரத்தில் ஊர்வலம் காண்பவர் காண்பது படையை. சிற்றூரில் காண்பவர் காண்பது மனிதரை. அதோ வருகின்றவர் தபாற்காரர். இதோ வருகின்றவர் தம் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தந்த ஆசிரியர். அந்த வண்டியில் இருப்பவர் அடுத்த வீட்டுப் பாட்டனார். நாள்தோறும் காண்கின்ற அவரை அன்று வேறு கண்ணால் காண்கின்றனர். இவரும் ஒருகாலத்தில் இருபது வயது இளைஞராய், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கோ ஒரு பனிவெளியில் நின்றார் என்பதை நினைத்துப் பார்க்கின்றனர். பிள்ளைகளும் அதைத் தெரிந்துகொள்கின்றனர். இதுவே சிற்றூர் ஊர்வலத்தின் பயன்.

எனினும், ஊர்வலம் ஒன்றே போதும் என்று யான் சொல்ல வரவில்லை. கைதட்டல் பசி தீர்க்காது. இதற்கும் அந்நாட்டு வரலாறே சான்று. 1932ஆம் ஆண்டில் முன்னாள் வீரர்கள் வேறொரு பேரணி நடத்தினர். முதல் உலகப் போரில் பணியாற்றியோர்க்கு 1945ஆம் ஆண்டில் தருவதாக அரசு ஒரு தொகையை வாக்களித்திருந்தது. இடையில் பெரும் பொருளாதாரச் சரிவு வந்தது, வேலையில்லை, வீட்டில் அடுப்பெரியவில்லை. அத்தொகையை முன்கூட்டியே தருமாறு கேட்க ஏறக்குறைய 17,000 முன்னாள் வீரர்கள், பலர் மனைவி மக்களோடு, வாஷிங்டனில் கூடிக் குடிசை போட்டுத் தங்கினர். அவர்கள் வேண்டுகோளை ஆட்சிமன்றம் ஏற்கவில்லை. ஜூலை 28ஆம் நாள் காவலர் சுட்டதில் இரண்டு முன்னாள் வீரர்கள் மாண்டனர். பின்னர்த் தளபதி மக்கார்தரின் தலைமையில் குதிரைப்படையும் டாங்கிகளும் கண்ணீர்ப்புகையும் ஏவப்பட்டன. அவர்களுடைய குடிசைகள் எரிந்தன. அன்று மக்கார்தரின் உதவியாளராக உடன் நின்ற மேஜர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஐசனோவர். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து முன்னாள் படைவீரர் நாள் சட்டத்தில் கையொப்பமிட்டவர் அவரே.

அன்று அவர் எழுதுகோலை எடுத்தபோது பழைய புகை அவர் கண்ணில் தோன்றியதோ, இல்லையோ, நாம் அறியோம். ஆனால் அந்நாடு பாடம் கற்றது. 1936ஆம் ஆண்டு அத்தொகை வழங்கப்பட்டது. 1944ஆம் ஆண்டு, போர் முடியும் முன்னரே, மீண்டு வரும் வீரர்க்குக் கல்வியும் தொழிற்பயிற்சியும் வீட்டுக்கடனும் கிடைக்க வழிசெய்யும் சட்டம் இயற்றப்பட்டது. படித்தவரும் வீடு பெற்றவருமாய் அவர்கள் வீதியில் நடந்தனர். சோறும் கல்வியும் முதலில். மேளமும் கொடியும் அதன்பின். அந்த வரிசை மாறினால் விழா வெறும் வேடிக்கையாகிவிடும்.

இன்னுமோர் ஐயம் சிலர் உள்ளத்தில் எழும். வீரரைப் போற்றுவது போரைப் போற்றுவதாகாதா என்பதே அது. இது புறக்கணிக்கத்தக்க ஐயம் அன்று. கர்ட் வானகட் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1922ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் சிறைப்பட்டு, டிரெஸ்டன் நகர் குண்டுமழையில் அழிந்ததை நேரில் கண்டவர். போர் ஓய்வு நாளின் பெயரை மாற்றியது தவறு என்று 1973ஆம் ஆண்டு வெளிவந்த தம் நாவலின் முன்னுரையில் அவர் வருந்தி எழுதினார். துப்பாக்கிகள் ஓய்ந்த அந்த நொடியே புனிதமானது என்பது அவர் கருத்து. அவரும் முன்னாள் படைவீரர்தாம். ஆதலின் அவர் சொல்லைத் தள்ளிவிட இயலாது.

ஆயினும் கிங்கின் பக்கத்திலும் உண்மை உண்டு. முதல் உலகப் போரில் பணியாற்றிய அமெரிக்கருள் கடைசியாக எஞ்சியிருந்த பிராங்க் பக்கில்ஸ் என்பவர் 2011ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், தம் 110ஆம் வயதில் காலமானார். அந்நாள் அவர் தலைமுறைக்கே உரியதாக இருந்திருப்பின், இன்று வீதியில் நடக்க ஒருவரும் இரார். ஏட்டில் மட்டுமே அது எஞ்சியிருக்கும். வாழ்வோர் நடப்பதால்தான் அந்நாள் வாழ்கின்றது. அன்றியும் நாள் மாறவில்லை. இடையில் 1971 முதல் 1977 வரை, நீண்ட விடுமுறை வாய்க்கவேண்டும் என்பதற்காக அதை அக்டோபர்த் திங்களின் நான்காவது திங்கட்கிழமைக்கு மாற்றிப் பார்த்தனர். மக்கள் மனம் ஒப்பவில்லை. 1978 முதல் அது மீண்டும் நவம்பர் 11ஆம் நாளுக்கே வந்தது. போர் ஓய்ந்த அதே நாளில் போரினின்று மீண்டவரைக் காண்கின்றோம். முழுதாய்த் திரும்பாதவரையும் காண்கின்றோம்: கால் இழந்தவர், கண் இழந்தவர், இரவில் உறக்கம் இழந்தவர். அவர்களை அருகிருந்து பார்த்த ஊர், அடுத்த போரை எளிதில் விரும்பாது. ஆதலின், உண்மையாகக் காண்பவனுக்கு அவ்வூர்வலம் போர் வெறியைத் தராது. போரின் விலையையே காட்டும்.

அப்படிக் காண மறுத்த காலமும் அந்நாட்டில் இருந்தது. வியட்நாம் போரினின்று திரும்பிய பலரை ஊர் எதிர்கொண்டு அழைக்கவில்லை. அப்போரை வெறுத்தவர், அதில் அனுப்பப்பட்டவரையும் வெறுத்தனர். அல்லது பாராமுகமாய் இருந்தனர். 1975ஆம் ஆண்டு முடிந்த அப்போரின் வீரர்க்கு நியூயார்க் நகரம் பெரும் வரவேற்பு ஊர்வலம் நடத்தியது 1985ஆம் ஆண்டில்தான். போரை எதிர்க்க நமக்கு உரிமை உண்டு. போருக்குச் சென்று மீண்டவன் முகத்தைப் பாராமல் திரும்பிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

அன்பர்களே! இதுகாறும் கடல் கடந்த ஊரைப் பற்றிச் சொன்னேன். நம் நாட்டுக்கு வருவோம். முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கடல் கடந்து பணியாற்றினர். ஏறக்குறைய 74,000 பேர் மாண்டனர். அவர் நினைவாகவே தில்லியில் இந்தியா வாயில் நிற்கின்றது. விடுதலைக்குப் பின் வீழ்ந்தவர்க்கென 2019ஆம் ஆண்டு அதனருகே தேசியப் போர் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. டிசம்பர் 7ஆம் நாளைக் கொடி நாளாக 1949 முதல் நாம் கடைப்பிடிக்கின்றோம். சிறு கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு காசு போடாத குழந்தை நம் வீடுகளில் இராது. இந்தியப் படையின் தலைமையை ஏற்ற முதல் இந்தியரான கரியப்பா 1953ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் ஓய்வு பெற்றார். அந்நாளையே நம் நாட்டின் முன்னாள் படைவீரர் நாளாக 2016 முதல் கொண்டாடி வருகின்றனர்.

ஜனவரி 14 என்றதும் உங்கள் முகம் மலர்வதைக் காண்கின்றேன். ஆம், அது பொங்கலை ஒட்டிய நாள். நாம் எந்த ஊரில் இருந்தாலும் அந்நாட்களில் கூடுகின்றோம், பானை வைக்கின்றோம், கரும்பை வெட்டிப் பங்கிடுகின்றோம். விளைவித்தவர்க்கு நன்றி சொல்லும் திருநாளும் காத்தவர்க்கு நன்றி சொல்லும் நாளும் அடுத்தடுத்து வருவது நமக்கு வாய்த்த பேறு அன்றோ?

என் குறை ஒன்றைச் சொல்லி முடிக்கின்றேன். நம் குடியிருப்பின் வாயிலில் இரவுக்காவல் புரியும் முதியவரை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். வண்டி வந்தால் எழுந்து கதவைத் திறப்பார். நாம் தலையசைத்துவிட்டு உள்ளே போவோம். அவர் நிற்கும் நிலையிலேயே ஒரு நிமிர்வு உண்டு. அந்நிமிர்வை எங்கே கற்றார் என்று பல ஆண்டுகளாக யான் கேட்டதில்லை. இவ்வுரைக்குக் குறிப்பெழுத அமர்ந்த இரவில்தான் அது என் நெஞ்சை உறுத்தியது. மறுநாள் சென்று, எனக்குத் தெரிந்த இந்தியில், "ஐயா, நீங்கள் படையில் இருந்தீர்களோ?" என்று கேட்டேன். அவர் முதலில் நாற்காலியைவிட்டு எழுந்தார், நேராக நின்றார், அதன் பின்னரே தம் படைப்பிரிவின் பெயரைச் சொன்னார். எத்தனை ஆண்டுப் பணி, எந்த மலைமுனை என்பதையெல்லாம் சொன்னார். இத்தனை நாளும் ஒருவரும் கேட்கவில்லை என்று அவர் குறைகூறவில்லை. அவர் குறைகூறாமையே என்னை நாணச் செய்தது.

கேன்சஸ் மாநிலத்துக் காலணிக் கடைக்காரர் தம் ஊராரிடம் கேட்டதும் இவ்வளவே: நம்மிடையே நடமாடுவோர் யார் என்று அறிந்துகொள்ளுங்கள், ஆண்டில் ஒருநாள் வேலையை நிறுத்திவிட்டு அவர்களைப் பாருங்கள். நமக்கு இசைக்குழு இல்லை. திறந்த வண்டிகள் இல்லை. நம் குடியிருப்பின் ஒரே வீதி, வாயிலிலிருந்து சங்கக் கட்டடம் வரை நடந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அது போதும். வரும் பொங்கலன்று நம்மிடையே வாழும் முன்னாள் படைவீரர் அனைவரையும், அவர் தமிழரோ, கடுவாலியரோ, மராட்டியரோ, பீகாரியரோ என்று பாராமல், அவ்வீதி வழியே நம் பிள்ளைகள் கையைப் பிடித்து அழைத்துவரட்டும். வாயிலிலேயே நிற்கும் அவரும் அன்று வாயிலைவிட்டு உள்ளே வரட்டும். அந்த ஒருநாள் நம்மில் ஒருவர் வாயிலைக் காப்போம். முதற்பொங்கலை அவர்கள் இலையில் இடுவோம். அவர்களுள் எவருக்கேனும் ஓய்வூதியத் தாளோ மருத்துவமோ பிள்ளையின் பள்ளியோ இடர்ப்பாடாய் இருப்பின், படித்தவர் நிறைந்த இச்சங்கம் அதற்கு ஒரு மேசையும் ஓர் எழுதுகோலும் ஒதுக்கட்டும்.

வீழ்ந்தவர்க்குக் கல் நட்டனர் நம் முன்னோர். மீண்டவர்க்கு நாம் ஒரு வீதியைத் திறந்துவிடுவோம்.